கீழே படுத்துப் பார்த்து வாங்குங்கள்: விக்டோரியா காலத்து நீட்டு மேஜைக்கு ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு ஏலக்கூடத்தில் பழைய சாப்பாட்டு மேஜை ஒன்றைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள் என்றால், மேல்பலகையைத் தடவி "ஆஹா, என்ன பளபளப்பு" என்கிறவர் வீட்டுக்கு வாங்க வந்தவர். டார்ச்சோடு தரையில் மல்லாந்து படுத்திருப்பவர் வியாபாரி. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் என் முதல் மேஜையை வாங்கினேன். மேலே கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் நடுவில் செருகும் இரண்டு பலகையில் ஒன்று வேறு எந்த மேஜையோடோ பிறந்தது, உள்ளே இருந்த திருகுத் தண்டு பாதியில் நின்றுவிட்டது. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, "உள்ளது உள்ளபடி" என்று எழுதித்தான் விற்றார்கள். பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை. அப்புறம் இரண்டு மேஜை வாங்கி, ஒன்றை விற்று, மிச்சமிருந்ததைப் பழுது பார்த்து, இப்போது தினமும் அதில்தான் சாப்பிடுகிறோம். கற்றுக்கொண்டதை வாங்குவதில் தொடங்கி பராமரிப்பு வரை வரிசையாக எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம்

விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்த 64 வருடத்தில் மேஜை ஒரே மாதிரி இருக்கவில்லை. ஆனால் தேவை ஒன்றுதான்: தினசரி ஐந்தாறு பேர் சாப்பிட வேண்டும், விருந்து என்றால் பன்னிரண்டு பதினாலு பேர் உட்கார வேண்டும், மற்ற நாளில் அது அறையை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்கு முந்தைய காலத்தில் இரண்டு மூன்று சிறு மேஜைகளைக் கொக்கி போட்டு இணைத்தார்கள். அப்போது எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் முழங்காலுக்கு நடுவில் ஒரு மேஜைக் கால் வந்துவிடும். 1800ஆம் ஆண்டில் லங்காஸ்டரில் மரச்சாமான் செய்துவந்த கில்லோ குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கில்லோ ஒரு காப்புரிமை வாங்கினார். கால்களைக் குறைப்பது, நீட்டிச் சுருக்குவதை எளிதாக்குவது, இந்த இரண்டும்தான் அதன் நோக்கம். தொலைநோக்கியின் குழாய் ஒன்றுக்குள் ஒன்று வழுக்குவது போல மேஜைக்கு அடியில் சட்டங்கள் வழுக்கி நீளும். விக்டோரியா காலத்து நீட்டு மேஜைகளில் பெரும்பாலானவை இதன் பேரப்பிள்ளைகள்தான்.

ராணி பதவிக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்னால், 1835இல், லண்டனில் ராபர்ட் ஜூப் என்பவர் வட்ட மேஜைக்குக் காப்புரிமை வாங்கினார். மேல்பலகை எட்டுத் துண்டாக, பணியாரத்தை வெட்டிய மாதிரி இருக்கும். பிடித்துச் சுழற்றினால் எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் வெளியே விரியும், இடைவெளியில் பலகைகளைச் செருகலாம். அதன் விலையை நாமெல்லாம் கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

நம் கைக்கு எட்டுவது கைப்பிடி போட்டுச் சுழற்றி நீட்டும் மேஜை. ஒரு ஓரத்தில் சட்டத்துக்கு அடியில் சதுர முனை ஒன்று இருக்கும். அதில் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால், உள்ளே இருக்கும் நீண்ட இரும்புத் திருகு மேஜையை இரண்டாகப் பிரிக்கும். இந்தத் திருகுகளுக்குப் பேர்போன ஊர் பர்மிங்ஹாம். 1860களில் அங்கே தொழில் நடத்திய ஜோசப் ஃபிட்டரின் பெயர் பொறித்த தண்டுகள் இன்றைக்கும் நிறைய மேஜைகளின் வயிற்றில் இருக்கின்றன. பெயர் இருந்தால் நல்லது, ஆனால் அது திருகு செய்தவரின் பெயர், மேஜை செய்தவரின் பெயர் அல்ல. இரண்டையும் குழப்பி விலையைக் கூட்டுகிறவர்கள் உண்டு.

படி 1: முதலில் உங்கள் வீட்டை அளங்கள்

ஒரு ஆளுக்குச் சாதாரணமாக 60 சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும். 8 அடி மேஜையில் எட்டுப் பேர் தாராளமாக, பத்துப் பேர் நெருக்கி உட்காரலாம். மேஜையைச் சுற்றி நாற்காலியை இழுத்து எழுந்திருக்க 90 சென்டிமீட்டராவது விடுங்கள். மேஜை சுருங்கியிருக்கும் நிலையில் அளந்துவிட்டு, முழுசாக நீட்டினால் சுவரில் முட்டும் என்பதை மறப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. உயரம் பெரும்பாலும் 71 முதல் 74 சென்டிமீட்டர். அதைவிட முக்கியம், தரையிலிருந்து பக்கச் சட்டத்தின் கீழ் விளிம்பு வரை எவ்வளவு என்பது. 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தொடை இடிக்கும்.

அப்புறம் வாசல். இங்கே பழைய வரிசை வீடுகளில் உள்கதவு பெரும்பாலும் 76 சென்டிமீட்டர்தான், நடைபாதையோ அதைவிடக் குறுகலாகத் தோன்றும். மேஜையோ 4 அடி அகலம். கால்களைக் கழற்றி, சட்டத்தோடு பக்கவாட்டில் நிமிர்த்தினால்தான் உள்ளே போகும். கால் கழலுமா என்று விற்பவரிடம் முன்பே கேளுங்கள்.

படி 2: படத்தைப் பார்த்து வயதைக் கணியுங்கள்

இணையத்தில் ஏலப் பட்டியல் பார்க்கும்போது முதலில் கால்களைப் பாருங்கள். கடைசலில் குண்டு குண்டாக, யானைக் கால் மாதிரி, நெடுக்கே வரி வெட்டி, பித்தளைச் சக்கரத்தில் நிற்கிறது என்றால் நடு விக்டோரியா காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். சக்கர உருளை வெள்ளை அல்லது பழுப்புப் பீங்கானில் இருக்கும், கோப் அண்ட் காலின்சன் போன்ற, சக்கரம் செய்தவர்களின் பெயர் பித்தளையில் பொறித்திருக்கும். கால் வளைந்து, கீழே பந்தைப் பிடித்த பறவை நகம் இருந்தால் அது பெரும்பாலும் 1901க்குப் பிந்தைய, ராணியின் மகன் எட்வர்ட் மன்னரின் காலம். கெட்ட மேஜை என்று இல்லை, விக்டோரியா என்று சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான். மரம் பெரும்பாலும் மஹோகனி. ராணி ஆண்ட கடைசி முப்பது வருடத்தில் ஓக், வால்நட் நிறைய வந்தது.

விக்டோரியா காலத்து ஆட்கள் மேஜைக் கால் தெரிவதே ஆபாசம் என்று துணி கட்டி மறைத்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள். 1839இல் ஒரு ஆங்கிலேயர் அமெரிக்கர்களைக் கிண்டல் செய்து எழுதிய பியானோக் கால் கதை அது, பின்னாளில் ஆங்கிலேயர்கள் தலையிலேயே விழுந்துவிட்டது. இந்தக் குண்டுக் கால்களைப் பார்த்தாலே தெரியும், மறைப்பதற்காகச் செதுக்கியவை அல்ல.

படி 3: கீழே படுங்கள்

இந்த ஒரு படிக்காகத்தான் முழுக் கட்டுரையும். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் போங்கள், டார்ச்சும் அளவு நாடாவும் பழைய சட்டையும் வேண்டும். வெட்கப்படாமல் படுங்கள்.

முதலில் நிறம். நூற்றைம்பது வருடம் காற்றுபட்ட மரத்தின் அடிப்பக்கம் காய்ந்து, மங்கிய சாம்பல் பழுப்பில், பாலிஷ் இல்லாமல் இருக்கும். அடியிலும் ஒரே சீராகக் கரும்பழுப்புச் சாயம் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். சாயத்துக்கு நியாயமான காரணம் இருக்கலாம், ஆனால் அதை விற்பவர் சொல்லட்டும்.

அடுத்து திருகாணிகள். 1854இல் பர்மிங்ஹாமின் நெட்டில்ஃபோல்ட், சேம்பர்லேன் குடும்பங்கள் சேர்ந்து அமெரிக்கக் காப்புரிமை ஒன்றை வாங்கி, கூர்முனை வைத்த திருகாணிகளை இயந்திரத்தில் பெருமளவில் செய்யத் தொடங்கின. அதற்கு முந்தையவை மொட்டை முனையோடு இருக்கும். நீங்கள் அங்கே ஒன்றைக் கழற்றிப் பார்க்க முடியாதுதான், விடமாட்டார்கள். ஆனால் தலையைப் பார்க்கலாம். ஒற்றைக் கோடு இருந்தால் சரி. ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் அந்த இடத்தை 1930களுக்குப் பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள். ஒன்றிரண்டு என்றால் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாமே ஸ்டார் என்றால் மேஜையே பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நகல். காரணமே இல்லாத இடத்தில் அடைத்த துளைகள் தெரிந்தால், மேல்பலகையும் சட்டமும் வேறு வேறு மேஜையிலிருந்து வந்து சேர்ந்த ஜோடியாக இருக்கலாம். இங்கே வியாபாரிகள் அதைக் கல்யாணம் என்றே சொல்வார்கள், நல்ல சம்பந்தம் என்ற அர்த்தத்தில் அல்ல.

பிறகு உளுப்பு. மஹோகனியைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. ஆனால் அடிச் சட்டங்களைப் பல பட்டறைகள் பீச், பைன் மாதிரி மலிவு மரத்தில் செய்தன, பூச்சிக்கு அதுதான் விருந்து. 1.5 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகள் இருக்கும். துளை இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம், பழைய துளையின் உள்ளே அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும். உள்ளே வெளிர் நிறமாக இருந்து, தட்டினால் மாவு கொட்டினால்தான் ஆபத்து. சட்டத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியில் முழுசாக நீட்டச் சொல்லிக் கேளுங்கள். "நீட்டிக் காட்ட ஆள் இல்லை" என்றால் மேஜை நீளாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிய பிறகு ஒரு நூலை இரண்டு முனைக்கும் இழுத்துப் பிடித்தால் நடுவில் தொய்வு எவ்வளவு என்று தெரியும். வழுக்கும் சட்டங்கள் தேய்ந்தால் நடு இறங்கும். ஒரு சென்டிமீட்டர் வரை தச்சர் தேய்ந்த இடத்தில் மெல்லிய பட்டை ஒட்டிச் சரி செய்துவிடுவார். அதற்கு மேல் என்றால் பெரிய வேலை. மிக நீண்ட மேஜைகளுக்கு நடுவில் ஐந்தாவது கால் இருந்திருக்கும். அதைத் தாங்கியிருந்த அடையாளம் இருந்து, கால் மட்டும் இல்லையென்றால் விலையில் குறையுங்கள்.

படி 4: செருகு பலகைகளை ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுங்கள்

மேஜையின் விலையே இதில்தான் இருக்கிறது, ஏமாற்றும் இதில்தான் அதிகம். பலகைகள் அலமாரிக்குள்ளும் மாடிப் படிக்கடியிலும் கிடந்து, வெயில் படாமல், மேல்பலகையைவிட அடர் நிறத்தில் இருப்பது இயல்பு. மஹோகனி வெயிலில் வெளுக்கும். அதனால் நிறம் வேறுபட்டால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். உண்மையில் நூறு வருடத்துக்கு மேலான பலகையும் மேல்பலகையும் துல்லியமாக ஒரே நிறத்தில் இருந்தால்தான் யாரோ சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது வேறு. பலகையின் ஒரு விளிம்பில் மரத்திலோ பித்தளையிலோ முளைகள் இருக்கும், எதிர் விளிம்பில் துளைகள். அந்த இடைவெளி மேஜையில் உள்ளதோடு பொருந்துகிறதா? பொருத்துவதற்காகப் பழைய துளையை அடைத்துப் புதுத் துளை போட்டிருக்கிறார்களா? ஓரத்தில் ஓடும் அலங்கார வளைவு, மேஜையிலிருந்து பலகைக்கு விரலை ஓட்டினால் தடை இல்லாமல் தொடர்கிறதா? கனம் ஒன்றா? அடியில் ரம்பக் கோடுகள் ஒரே சாயலா? விளிம்பில் ரோமன் எண்ணோ முத்திரை எண்ணோ அடித்திருந்தால் வரிசை முழுசாக இருக்கிறதா? 1, 2, 4 என்று இருந்தால் மூன்றாவது எங்கோ போய்விட்டது.

வட்ட மேஜையாக இருந்தால் இன்னொரு சோதனை. மரம் நார் போகும் திசையில் கிட்டத்தட்ட சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால் பழைய வட்டப் பலகை சரியான வட்டமாக இருக்காது, குறுக்கு அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். அளந்து பார்த்து வட்டம் கச்சிதமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 5: விலை

ஏலத்தில் சுத்தி விழும் விலை உங்கள் விலை அல்ல. என் மேஜை 620 பவுண்டுக்கு விழுந்தது. வாங்குபவரிடம் ஏலக்கூடம் எடுக்கும் கட்டணம் 25 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வரி, ஆக 806 பவுண்டு. வேன் வாடகை தனி. இதையெல்லாம் கழித்துவிட்டு ஒரு எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் கையைத் தூக்காதீர்கள். இந்தக் கனத்த பழுப்பு மரச்சாமான்களின் விலை இந்த நூற்றாண்டில் நன்றாக இறங்கிவிட்டது, வீடுகள் சின்னதாகிவிட்டன. நம்மைப் போலக் கூட்டமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது நல்லதுதான். அவசரப்படாதீர்கள், அடுத்த வாரமும் ஒன்று வரும்.

படி 6: வீட்டுக்குக் கொண்டுவருவது

குறைந்தது மூன்று பேர், நாலு பேர் என்றால் நிம்மதி. பலகைகளை முதலில் எடுத்துப் போர்வையில் தனித்தனியாகச் சுற்றுங்கள். கால்களைக் கழற்றும் முன் எந்த மூலைக்கு எந்தக் கால் என்று மாஸ்கிங் டேப்பில் (எளிதில் உரியும் காகித நாடா) எழுதி ஒட்டுங்கள், இடம் மாறினால் ஆடும். மேஜையை ஒருபோதும் மேல்பலகையைப் பிடித்துத் தூக்காதீர்கள், சட்டத்தைப் பிடியுங்கள். சக்கரம் இருக்கிறதே என்று தரையில் தள்ளாதீர்கள், கால் மூட்டு ஒரே தள்ளலில் பிளந்துவிடும்.

அறையில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கரி அடுப்புக் காலத்து ஈரக் காற்றுக்குப் பழகிய மரம், சூட்டுக் குழாய்க் காற்றில் காய்ந்து வெடிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் அதற்குச் சுகம்.

படி 7: திருகுக்குச் சிகிச்சை

சுற்றும்போது இறுகினால் பலம் போடாதீர்கள். பெரும்பாலும் பழைய கிரீஸும் தூசியும் கலந்து மெழுகாக உறைந்திருக்கும். முடிந்த வரை நீட்டி, தரையில் செய்தித்தாள் விரித்து, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷில் வைட் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கும் திரவம்) தொட்டு மரையின் ஒவ்வொரு பள்ளத்தையும் தேய்த்து எடுங்கள். துடைத்துவிட்டு மிக மெல்லிசாகப் புதுக் கிரீஸ். எண்ணெய் ஊற்றாதீர்கள், மரத்தில் ஊறி கம்பளத்தில் சொட்டும். வழுக்கும் மரச் சட்டங்களுக்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். ஒரு வெள்ளை மெழுகுவத்தியை எடுத்துப் பள்ளத்தில் தேய்த்தால் போதும்.

கைப்பிடி தொலைந்திருந்தால் சதுர முனையின் பக்க அளவை எடுத்துப் புதிது வாங்கலாம், கிடைக்கிறது. மின்சார டிரில் மாட்டிச் சுற்றும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். திருகு முடியும் இடம் கைக்குத் தெரியும், டிரில்லுக்குத் தெரியாது.

படி 8: நீட்டும் முறை

மேலே இருப்பதையெல்லாம் எடுங்கள். அடியில் கை விட்டு, பலகைகளைக் கவ்வியிருக்கும் பித்தளைக் கொக்கிகளைக் கழற்றுங்கள், இதை மறந்து சுற்றினால் கொக்கி மரத்தோடு பிய்ந்து வரும். ஒருவர் கைப்பிடி, இன்னொருவர் எதிர்முனைச் சக்கரம் கம்பளத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ள. பலகையின் அகலத்தைவிட நாலு விரல் அதிகமாகத் திறங்கள். எண் வரிசைப்படி, முளை துளையைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றி மூடும்போது இரண்டாவது ஆள் முளைகளைத் துளைக்குள் வழிகாட்ட வேண்டும், விரலை இடுக்கில் வைக்காமல். ஒட்டியதும் நிறுத்துங்கள், இன்னும் ஒரு சுற்று இறுக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். கடைசியில் கொக்கிகள்.

படி 9: பாலிஷ்

மேலே மின்னுவது பெரும்பாலும் அரக்கு. பிரெஞ்ச் பாலிஷ் என்று பேர், ஆனால் சரக்கு பெரும்பாலும் போனது இந்தியாவிலிருந்து, மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரந்ததைச் சுரண்டி எடுத்து. அதைச் சாராயத்தில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் நூறு முறை தேய்த்து ஏற்றினார்கள். அரக்குதானா என்று பார்க்க, கண்ணில் படாத ஓரத்தில் மெதிலேட்டட் ஸ்பிரிட் (எரிசாராயம்) ஒரு சொட்டு. பிசுபிசுத்தால் அரக்கு, அசையாமல் இருந்தால் பிற்காலத்து வார்னிஷ்.

உப்புத்தாளை வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள். வெயிலும் கையும் சேர்ந்து நூறு வருடத்தில் கொண்டுவந்த நிறம் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை, ஒரு மதியத்தில் போய்விடும், திரும்ப வராது. லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, உடனே உலர்துணி, வருடத்துக்கு இரண்டு முறை தேன்மெழுகு. சிலிக்கான் கலந்த ஸ்ப்ரே பாலிஷ் வேண்டாம், பிறகு எந்தத் தச்சர் வந்தாலும் அதன்மேல் அரக்கு ஒட்டாது.

ஆடும் மூட்டுகளுக்கு ஃபெவிகால் ஊற்றாதீர்கள். அந்தக் காலத்தில் ஒட்டியது விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய பசை, நம் ஆசாரிகள் வச்சிரம் என்பார்களே, அதுவேதான். வெந்நீர்ச் சூட்டில் இளகும், மறுபடி ஒட்டும். அதனால்தான் இந்த மேஜைகளை இன்றும் கழற்றிப் பழுது பார்க்க முடிகிறது. இப்போதைய பசையைப் போட்டால் அடுத்து வருபவர் மரத்தை உடைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

படி 10: நம் சாப்பாடும் அந்த மேஜையும்

ஆங்கிலேயர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. அரக்குக்குச் சூடும் ஈரமும் ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார்ச் சட்டியை நேராக வைத்தால் அடுத்த நிமிடம் வெள்ளை வளையம். வாழையிலையைத் துடைக்காமல் போட்டால் அதன் நரம்பு முதற்கொண்டு அச்சாக விழும். எங்கள் வீட்டில் விழுந்தது. மேஜைத் துணிக்கு அடியில் சூடு தாங்கும் தடித்த விரிப்பு ஒன்று போடுங்கள், அளவு சொன்னால் வெட்டித் தருகிறார்கள்.

வெள்ளை வளையம் விழுந்துவிட்டால், ஈரம் அரக்குக்குள்தான் நிற்கிறது, மரத்துக்குப் போகவில்லை. இரண்டு நாள் விடுங்கள், பாதி தானாகவே மறையும். மிச்சத்துக்கு இங்குள்ள பழைய வீடுகளில் கற்பூர எண்ணெய் தொட்டுத் தேய்ப்பார்கள். நான் முயன்று பார்த்தேன், லேசான வளையத்துக்கு வேலை செய்தது, எங்கள் இலை அச்சுக்குச் செய்யவில்லை. கறுப்பு வளையம் என்றால் கதை வேறு. இரும்பும் ஈரமும் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டன, அதற்குத் தேர்ந்த ஆள்தான் வேண்டும்.

பயன்படுத்தாத பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். கட்டிலுக்கு அடியில் படுக்கையாக, நடுவில் போர்வை போட்டு அடுக்குங்கள். அது குளிரும் சூடும் அதிகம் மாறாத அறையாக இருக்கட்டும். கைப்பிடிக்கு மட்டும் மேஜையின் உள்பக்கச் சட்டத்தில், ஏற்கெனவே இருக்கும் ஒரு திருகாணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், சமையலறை இழுப்பறையில் வைத்து இரண்டு தீபாவளி தேடிய பிறகு.